பசங்க ஃபுட்பால் மேட்ச்சில் ‘சப்’ எப்போது இறக்கலாம்?

சனிக்கிழமை காலை ஆறே முக்கால். மைதான ஓரத்தில் ஆரஞ்சு பிப் (ஜெர்சிக்கு மேல் போடும் கையில்லாத சட்டை) மாட்டிக்கொண்டு மூன்று பிள்ளைகள், அதாவது ‘சப்’ எனும் மாற்று ஆட்டக்காரர்கள், உட்கார்ந்திருக்கிறார்கள். மேட்ச் தொடங்கிப் பத்து நிமிடம் ஓடிவிட்டது. “ஆன்ட்டி, நான் எப்போ?” என்று ஒருத்தி மூன்றாவது முறையாகக் கேட்கிறாள். அவளுடைய அப்பா கயிற்றுக்கு அந்தப் பக்கம் நின்று கோச்சையே பார்த்துக்கொண்டிருக்கிறார். “பந்து வெளியே போகட்டும்மா” என்கிறார் கோச். பந்து வெளியே போகிறது. எதிரணிக்கு த்ரோ, அதாவது கோட்டோரத்திலிருந்து பந்தைக் கையால் உள்ளே எறியும் வாய்ப்பு. அப்போதும் அவளை இறக்கவில்லை. அப்பாவின் முகம் மாறுகிறது.

கோச் மீது தப்பில்லை. நம் அணிக்கு த்ரோ கிடைத்தால்தான் ஆள் மாற்றலாம் என்பது அந்தப் போட்டியின் விதி. அது அந்த அப்பாவுக்குத் தெரியாது. என் மகள் ஆட ஆரம்பித்தபோது எனக்கும் தெரியாது. அணிக்கு உதவியாக ஒரு பெற்றோர் வேண்டும் என்றார்கள், கை தூக்கினேன். தண்ணீரும் முதலுதவிப் பையும் தூக்குகிற வேலை என்றுதான் நினைத்தேன். இரண்டாவது மேட்ச்சிலேயே புரிந்துவிட்டது: எந்தப் பிள்ளை எப்போது உள்ளே போகும், எப்போது வெளியே வரும் என்று பார்ப்பதுதான் அந்த வேலையில் பாதி. புதிதாக இந்த வேலைக்கு வருகிறவர்களுக்கும், பிள்ளையை முதல் முறை மேட்ச்சுக்கு அழைத்து வருகிறவர்களுக்கும் இதை எழுதுகிறேன்.

முதல் வேலை: எந்த விதியில் ஆடுகிறோம் என்று கேளுங்கள்

நேரு ஸ்டேடியத்தில் சென்னையின் எஃப்சி மேட்ச் பார்த்துப் பழகியவர்கள், ஐந்து பேரை மாற்றலாம், போனவர் திரும்ப வர முடியாது என்று நினைப்பார்கள். வியாசர்பாடி, புளியந்தோப்புப் பக்கம் சின்ன வயதிலிருந்தே ஆடிய தாத்தா ஒருவரைக் கேட்டால் இரண்டு பேர்தான் என்று சொல்லக்கூடும். இரண்டுமே அந்தந்தக் காலத்துக்குச் சரிதான். உலகக் கோப்பையில் முதன்முதலாக ஆள் மாற்ற அனுமதித்தது 1970இல்தான், அதுவும் அணிக்கு இரண்டு பேர். 1995இல் அது மூன்றானது. கொரோனா காலத்தில், 2020இல், தற்காலிகமாக ஐந்தாக்கினார்கள். அதுவே பிறகு நிலைத்துவிட்டது. அந்த ஐந்தையும்கூட ஹாஃப் டைம் தவிர்த்து மூன்று தடவைக்குள் முடித்தாக வேண்டும்.

ஆனால் இதெல்லாம் பெரியவர்கள் ஆட்டம். ஃபுட்பாலின் பதினேழு விதிகளையும் எழுதுகிற ஐஎஃப்ஏபி என்ற அமைப்பு, ஆட்டக்காரர்களைப் பற்றிய மூன்றாவது விதியில் சிறுவர் ஆட்டத்துக்குத் தனியாக இடம் விட்டிருக்கிறது. அந்த நாட்டுச் சங்கம் ஒப்புக்கொண்டால், வெளியே போன பிள்ளை அதே மேட்ச்சில் திரும்ப உள்ளே வரலாம். நாம் ‘ரோலிங் சப்’ என்று சொல்வது இதைத்தான். பந்தின் அளவு, கோல் போஸ்ட்டின் அளவு, மேட்ச் நேரம் ஆகியவற்றையும் சிறுவர்களுக்காகக் குறைத்துக்கொள்ளலாம்.

ஆகவே நீங்கள் போகிற போட்டி மூன்று வகையில் ஒன்றாக இருக்கும். பெரியவர்கள் மாதிரியே, போனால் போனதுதான் என்பது ஒன்று. பந்து நிற்கும்போது எத்தனை முறை வேண்டுமானாலும் மாற்றலாம், திரும்பியும் வரலாம் என்பது இன்னொன்று. மூன்றாவது, டர்ஃபில் (செயற்கைப் புல் தரையில்) அணிக்கு ஐந்து பேராக ஆடும் ஃபைவ்ஸ். அங்கே பந்து ஓடிக்கொண்டிருக்கும்போதே மாற்றலாம். எது என்று தெரியாமல் மைதானத்துக்குப் போகாதீர்கள். பணம் கட்டுவதற்கு முன்பே அமைப்பாளருக்கு வாட்ஸ்அப்பில் இதைக் கேட்டு, பதிலை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்:

பட்டியலில் எத்தனை பெயர் கொடுக்கலாம்?
எத்தனை சப், எத்தனை தடவை?
வெளியே போன பிள்ளை திரும்ப வரலாமா?
எந்த நிறுத்தத்தில் மாற்றலாம்: எல்லாவற்றிலுமா, நம் த்ரோவில் மட்டுமா?
மஞ்சள் அட்டை வாங்கிய பிள்ளையை உடனே மாற்றலாமா?

“அதெல்லாம் அங்க வந்து பாத்துக்கலாம் மேடம்” என்று பதில் வந்தால் விடாமல் இன்னொரு தடவை கேளுங்கள். மேட்ச் நடுவில் நடுவரிடம் வாதாடுவதைவிட இது எவ்வளவோ மேல்.

பெயர்ப் பட்டியல்

பட்டியலில் பெயர் இல்லாத பிள்ளை சப்பாக இறங்க முடியாது. கத்திப்பாராவில் வண்டி மாட்டிக்கொண்டு ஒருவன் வர இருபது நிமிடம் ஆகும் என்றாலும் அவன் பெயரை எழுதிவிடுங்கள். எழுதியிருந்தால் வந்தவுடன் சேரலாம். “வரட்டும், அப்புறம் எழுதலாம்” என்று விட்டால் அவன் வந்து உட்கார்ந்து பார்த்துவிட்டுத்தான் போக வேண்டும். பதினொரு பேர் ஆட்டத்தில் ஏழு பேர் இருந்தாலே தொடங்கலாம், அதற்குக் கீழே முடியாது.

எப்போது கேட்கலாம்

அடிப்படை இவ்வளவுதான்: பந்து ஆட்டத்தில் இல்லாதபோது மாற்றலாம். த்ரோ, கோல் கிக், கார்னர், ஃப்ரீ கிக், கோல் விழுந்த பிறகு, யாருக்காவது அடிபட்டு நடுவர் நிறுத்தியபோது, ஹாஃப் டைமில், எல்லாமே நிறுத்தம்தான். முழு விதிப்படி எந்த அணியின் த்ரோ என்ற கணக்கு கிடையாது. வெயிலுக்காக நடுவர் தண்ணீர் குடிக்க நிறுத்துகிறாரே, அதுவும் நிறுத்தம்தான். நம் ஊரில் மார்ச் முதல் அதுதான் ஆள் மாற்ற நல்ல நேரம்.

ஆனால் சிறுவர் லீக்குகள் பலவற்றில் இதைச் சுருக்கியிருப்பார்கள். அமெரிக்காவில் பிள்ளைகள் ஆடும் லீக்குகளில் பரவலாக இருக்கிற முறை இது: நம் த்ரோ, எந்த அணியின் கோல் கிக்கானாலும் சரி, கோலுக்குப் பிறகு, ஹாஃப் டைம், அடிபட்டபோது. எதிரணி த்ரோவிலும் கார்னரிலும் நாம் கேட்க முடியாது. அங்கேயே 1964 முதல் நடக்கும் ஏஒய்எஸ்ஓ என்ற அமைப்பு இன்னும் ஒரு படி மேலே போகிறது. ஒவ்வொரு பாதியின் நடுவிலும் நடுவரே ஆட்டத்தை நிறுத்தி ஆள் மாற்ற வைப்பார். வந்த ஒவ்வொரு பிள்ளையும் குறைந்தது பாதி மேட்ச் ஆடியே ஆக வேண்டும் என்பது அவர்கள் கொள்கை. எனக்கு மிகவும் பிடித்த விதி அது. நம் அமைப்பாளர்களும் எடுத்துக்கொள்ளலாம்.

எதிரணி த்ரோவில் ஏன் கூடாது என்று நானும் கேட்டிருக்கிறேன். எதிரணி வேகமாகத் த்ரோ போட்டு முன்னேறப் பார்க்கும்போது நாம் ‘சப்’ என்று கத்தி நிறுத்தினால் அவர்கள் வேகம் போய்விடும். கடைசி ஐந்து நிமிடத்தில் ஒரு கோல் முன்னிலையில் இருக்கிற அணி இதையே ஆயுதமாக்கும். அதைத் தடுக்கத்தான் இந்த விதி. அதே நேரத்தில், த்ரோ வைத்திருக்கும் அணி ஆள் மாற்றினால் மற்ற அணியும் கூடவே மாற்றிக்கொள்ளலாம் என்று பல இடங்களில் அனுமதிப்பார்கள். அதனால் எதிரணி பென்ச்சையும் ஒரு கண் பாருங்கள்.

டர்ஃப் ஃபைவ்ஸ் வேறு. ஃபுட்சால் (அணிக்கு ஐந்து பேர் ஆடும் உள்ளரங்க ஃபுட்பால்) விதியைப் பின்பற்றும் இடங்களில் யாரையும் கேட்க வேண்டாம். ஆனால் வெளியே வருகிறவர் கோடு தாண்டிய பிறகுதான் அடுத்தவர் உள்ளே கால் வைக்க வேண்டும், அதுவும் தன் அணிக்குக் குறித்திருக்கும் இடத்தின் வழியாக மட்டும். பிப்பைக் கழற்றி, வெளியே வருகிறவர் கையில் கொடுத்துவிட்டு உள்ளே போவது அங்கே முறை. பழக்க நாட்களிலேயே இதைச் செய்ய வையுங்கள், இரண்டு பேர் ஒரே நேரத்தில் உள்ளே நிற்கும் தவறு வராது.

நாக் அவுட் போட்டி என்றால் இன்னொன்றும் தெரிந்திருக்க வேண்டும். மேட்ச் சமனாகிப் பெனால்டி உதை வந்தால், கடைசி விசில் ஊதும்போது மைதானத்தில் இருந்தவர்கள்தான் உதைக்கலாம். பென்ச்சில் இருப்பவரை அப்போது இறக்க முடியாது. கீப்பருக்கு முடியாமல் போய், சப் எண்ணிக்கை இன்னும் மீதம் இருந்தால் மட்டும் விலக்கு. நன்றாக உதைக்கும் பிள்ளை கடைசி இரண்டு நிமிடம் வெளியே உட்கார்ந்திருந்தால் அப்புறம் ஒன்றும் செய்ய முடியாது.

இறக்கும்போது செய்ய வேண்டியவை

இதை வரிசையாகச் செய்தால் எந்த நடுவரும் உங்களைத் திருப்பி அனுப்ப மாட்டார்.

இறங்கப் போகும் பிள்ளையை ஒரு நிமிடம் முன்னாலேயே எழுப்பி நிறுத்துங்கள். ஷின் கார்ட் (முழங்காலுக்குக் கீழே மாட்டும் காப்பு) இருக்கிறதா, சாக்ஸ் அதை மூடியிருக்கிறதா, ஜெர்சி எண் பட்டியலில் உள்ளபடி இருக்கிறதா என்று பாருங்கள். அப்புறம் நகை. நம் ஊரில் அதிகம் பிரச்சினை வருவது இதில்தான். செயின், மோதிரம், வளையல், கொலுசு, கம்மல் எதுவும் கூடாது என்று நான்காவது விதி சொல்கிறது. மேலே டேப் ஒட்டி மறைத்தாலும் ஏற்கமாட்டார்கள். சப் இறங்கும் முன் நடுவர் தரப்பில் ஒருவர் பார்த்தாக வேண்டும் என்பதும் விதி. கையில் கட்டிய சாமிக் கயிற்றையும் கழற்றச் சொல்லும் நடுவர்கள் உண்டு. என் மகளுக்கு இரண்டாவது தடவை காது குத்திப் பத்து நாள்கூட ஆகாத நிலையில் ஒரு போட்டி வந்தது. கம்மலைக் கழற்றினால் துளை மூடிவிடும் என்று அவள் அழ, கழற்றாமல் இறக்க முடியாது என்று நடுவர் சொல்ல, அந்த மேட்ச் முழுவதும் அவள் பென்ச்சில்தான் இருந்தாள். நடுவர் செய்தது சரி, ஒரு பிள்ளையின் காது கிழிந்தால் யார் பதில் சொல்வது? காது குத்து, மூக்குத்தி எல்லாம் லீக் முடிந்த பிறகு வைத்துக்கொள்ளுங்கள்.

பிள்ளை தயாரானதும் பிப்பைக் கழற்றிவிட்டு நடுக்கோட்டருகே, கோட்டுக்கு வெளியே நிற்க வேண்டும். கோச் நடுவரிடமோ லைன்ஸ்மேனிடமோ சொல்வார். சின்னப் போட்டிகளில் லைன்ஸ்மேன் இருக்கமாட்டார். பந்து வெளியே போனவுடன் கையைத் தூக்கி “சார், சப்!” என்று உரக்கச் சொன்னால் போதும். நடுவர் பார்த்து, சரி என்று சைகை காட்டும் வரை காத்திருங்கள்.

வெளியே வருகிற பிள்ளை தனக்குப் பக்கத்தில் இருக்கும் கோட்டைத் தாண்டி வெளியேற வேண்டும். நடுக்கோட்டுக்கு நடந்து வர வேண்டியதில்லை. 2019இல் வந்த மாற்றம் இது. எதிர்ப்பக்கம் போய் வெளியேறினால் மைதானத்தைச் சுற்றி நடந்து வர வேண்டியிருக்கும், அந்தப் பக்கம் யாராவது ஒரு தண்ணீர் பாட்டிலோடு நின்றால் நல்லது. அவர் முழுசாக வெளியே போன பிறகு, நடுவர் சைகை காட்டிய பிறகு, நடுக்கோட்டில் புதியவர் உள்ளே நுழையலாம். உள்ளே கால் வைத்த நொடியில்தான் மாற்றம் முடிகிறது. த்ரோவை அவரே போடலாம், ஆனால் முதலில் மைதானத்துக்குள் கால் வைத்துவிட்டு வந்து போட வேண்டும். வெளியிலிருந்து நேராகப் பந்தை எடுத்துப் போட்டால் செல்லாது.

சைகைக்குக் காத்திருப்பது ஏன் முக்கியம் என்று ஒரு கோலை இழந்து கற்றுக்கொண்டோம். தென்சென்னையில் ஒரு போட்டி, அரையிறுதி, 1–1. எங்களுக்கு த்ரோ கிடைத்தது. நான் ஒரு பையனின் முதுகைத் தட்டி “போப்பா” என்றேன். வெளியே வர வேண்டியவன் இன்னும் அந்த மூலையில் இருந்தான், நடுவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. எங்கள் ஆட்கள் வேகமாகத் த்ரோ போட்டுவிட்டார்கள். உள்ளே ஓடியவன் பந்தை வாங்கிக் கொடுத்தான், கோல் விழுந்தது. எல்லாரும் கட்டிப்பிடித்துக் குதித்தார்கள். ஆட்டத்தை மறுபடி தொடங்கும் முன் நடுவர் எண்ணிப் பார்த்தார், ஒரு ஆள் கூடுதல். கோல் அடித்த அணியில் கூடுதலாக ஒருவர் இருந்து, அவர் ஆட்டத்தில் தலையிட்டும் இருந்தால் கோல் செல்லாது. எதிரணிக்கு ஃப்ரீ கிக், எங்கள் பையனுக்கு மஞ்சள் அட்டை. அவன் தலையைக் குனிந்துகொண்டு நின்ற நிலை இன்றும் கண்ணில் நிற்கிறது. தப்பு செய்தது நான். அன்றிலிருந்து சப்பின் தோளில் என் கையை வைத்திருப்பேன், நடுவர் கை காட்டிய பிறகுதான் எடுப்பேன்.

இன்னொன்று. வெளியே வா என்றால் வரமாட்டேன் என்று நிற்கிற பிள்ளைகள் உண்டு. ஏழு வயதுக்காரன் ஒருவன் இரண்டு கையையும் கட்டிக்கொண்டு நடு மைதானத்தில் நின்றதைப் பார்த்திருக்கிறேன். விதி இதில் மென்மையாகவே இருக்கிறது: மாற்றப்பட வேண்டியவர் வெளியேற மறுத்தால் ஆட்டம் தொடரும், அவ்வளவுதான். கத்தாதீர்கள். அடுத்த நிறுத்தத்தில் மறுபடி கேளுங்கள்.

கீப்பரும் அட்டைகளும்

உள்ளே இருப்பவனே கீப்பரோடு இடம் மாறிக்கொள்ளலாம், இது சப் கணக்கில் வராது. ஆனால் ஆட்டம் நின்றிருக்கும்போது, நடுவரிடம் சொல்லிவிட்டு மாற வேண்டும். சொல்லாமல் மாறினால் இருவருக்கும் மஞ்சள் அட்டை. பிள்ளைகள் தாங்களாகவே ஜெர்சியை மாற்றிக்கொண்டு நிற்பார்கள், கவனமாக இருங்கள். சிவப்பு அட்டை வாங்கியவருக்குப் பதில் ஆள் கிடையாது. ஆட்டம் தொடங்கும் முன்பே வாங்கியிருந்தால் மட்டும், பட்டியலில் உள்ள ஒரு சப் அவர் இடத்தில் ஆடலாம்.

தலையில் அடிபட்டால்

ரத்தம் வந்தால் வெளியே வந்து, ரத்தம் நின்ற பிறகு நடுவர் சைகையோடு திரும்பலாம். பதிலுக்கு ஆள் இறக்காதவரை அது சப் இல்லை. தலையில் அடி என்றால் கதையே வேறு. ரோலிங் சப் இருக்கிற போட்டியில்தான் இதில் ஆபத்து அதிகம். ஐந்து நிமிடம் உட்கார வைத்து, “இப்ப சரியாயிடுச்சா?” என்று கேட்டுத் திரும்ப இறக்கிவிடுவது மிகவும் எளிது. பிள்ளை சரியாயிடுச்சு என்றுதான் சொல்லும், அதற்கு ஆட வேண்டும். இறக்காதீர்கள். தலைவலி, வாந்தி, மயக்கம், குழப்பமான பேச்சு, வழக்கமில்லாத தூக்கம் இதில் எது தெரிந்தாலும் மருத்துவமனைக்குப் போங்கள். எதுவும் தெரியாவிட்டாலும் அன்றைக்கு அந்தப் பிள்ளைக்கு ஆட்டம் முடிந்தது. 2024 முதல் ஆட்ட விதிகளிலேயே இதற்கென்று தனி ஏற்பாடு இருக்கிறது. போட்டி நடத்துகிறவர்கள் ஏற்றுக்கொண்டால், தலையில் அடிபட்டவருக்குப் பதில் இறக்கும் ஆள் வழக்கமான சப் எண்ணிக்கையில் சேராது, ஆனால் அடிபட்டவர் அந்த மேட்ச்சுக்குத் திரும்ப முடியாது. பெரியவர்களுக்கே அப்படி என்றால் பத்து வயதுப் பிள்ளைக்கு யோசிக்கவே வேண்டாம்.

நிமிடக் கணக்கு

விதி தெரிந்தாலும் கணக்குப் போடாவிட்டால் ஒரு பிள்ளை எப்படியும் விடுபடும். மேட்ச் சூட்டில் யாருக்கும் நினைவிருக்காது. முதல் நாள் இரவே ஒரு தாளில் எழுதி, எக்ஸாம் பேடில் கிளிப் போட்டு எடுத்து வருவேன்.

ஒரு உதாரணம். ஏழு பேர் ஆட்டம், பத்து பிள்ளைகள், பாதிக்கு 20 நிமிடம். கீப்பர் முழுக்க நிற்கிறார் என்றால் மீதி ஒன்பது பேர், உள்ளே ஆறு இடம். ஒன்பது பேரையும் மூன்று மூன்றாகப் பிரியுங்கள். ஒவ்வொரு பாதியையும் ஏறக்குறைய ஏழு நிமிடத் துண்டுகளாக மூன்றாக்குங்கள். ஒவ்வொரு துண்டிலும் ஒரு குழு வெளியே. மேட்ச் முடியும்போது ஒவ்வொருவரும் 26, 27 நிமிடம் ஆடியிருப்பார்கள், யாரும் தொடர்ந்து பத்து நிமிடம் உட்கார்ந்திருக்கமாட்டார்கள். குழு பிரிக்கும்போது நன்றாக ஆடும் மூவரையும் ஒரே குழுவில் போட்டுவிடாதீர்கள், அவர்கள் வெளியே வரும்போது அணி தத்தளிக்கும்.

ஏழாவது நிமிடம் என்று எழுதியிருந்தால் ஆறாவது நிமிடத்திலேயே பிள்ளைகளை நடுக்கோட்டுக்கு அனுப்பிவிடுங்கள். நிறுத்தம் எப்போது வரும் என்று நம் கையில் இல்லை. நம் த்ரோவில்தான் மாற்றலாம் என்ற விதியில் மூன்று நிமிடம்கூடக் காத்திருக்க நேரும். மூவரை மாற்ற முடியாமல் ஒருவரைத்தான் மாற்ற முடிந்தது என்றால், தாளில் உடனே குறித்துக்கொள்ளுங்கள்.

இரண்டு கோல் பின்தங்கியிருக்கும்போது இந்தத் தாளைக் கிழித்துப் போட வேண்டும் என்று தோன்றும். பத்து, பன்னிரண்டு வயதில் கிழிக்காதீர்கள். ஆட விடாமல் உட்கார வைத்த பிள்ளைகள் அடுத்த வாரம் வராமல் போனதை நான் பார்த்திருக்கிறேன், தோற்றதற்காக யாரும் வராமல் போனதில்லை.

பெற்றோருக்கு ஒன்று: கோட்டோரத்திலிருந்து “அவனை எடுங்க, இவளை விடுங்க” என்று சொல்லாதீர்கள். எடுக்கச் சொல்கிற அந்தப் பையனின் அம்மா பெரும்பாலும் உங்கள் பக்கத்தில்தான் நிற்பார். நிமிடக் கணக்கில் குறை இருந்தால் மறுநாள் கோச்சிடம் தனியாகப் பேசுங்கள், தாளைக் காட்டச் சொல்லுங்கள்.

வெளியே வரும் பிள்ளைக்கு முதலில் தண்ணீர். மூச்சு வாங்கி முடியட்டும். ஏன் எடுத்தோம் என்று விளக்க வேண்டாம், அடுத்து எப்போது என்று சொல்லுங்கள். தாளைக் காட்டி, “பதினாலாவது நிமிஷம் நீ திரும்பப் போற, பார்” என்றால் போதும். நான் சொல்லி முடிப்பதற்குள் பாதிப் பேர் பிப்பை மாட்டிக்கொண்டு, நடுவர் கையில் இருக்கும் கடிகாரத்தைப் பார்க்க ஆரம்பித்துவிடுவார்கள்.